கை மாறி வந்த கட்டில்

பேத்தி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்ததால்தான் அடுப்புக்காரர் முகாமுக்கு வரச் சம்மதித்தார். இல்லையென்றால், மகன் கூப்பிட்டும் போதகர் வீடு தேடி வந்து கேட்டும் அசையாத ஆள்.

சபையில் எல்லோருக்கும் அவர் அடுப்புக்காரர்தான். ரொட்டிக்கடையின் பின்கட்டில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு செங்கல் அடுப்பு. வெளிச்சம் வருவதற்கு முன்பே அதன் வாயில் விறகை அடுக்கிப் பற்றவைப்பார். தணல் பரந்ததும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நீளமான மரத்துடுப்பில் மாவை வைத்து உள்ளே தள்ளுவார். சூடு சரியா என்று பார்க்க, வெறும் கையை அடுப்பு வாயில் நீட்டி ஒரு மூச்சு விடும் நேரம் வைத்திருப்பார். அவ்வளவுதான். அப்படி நின்று நின்றே வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனைவி போன பிறகு ஒரே மகனைத் தனியாளாக வளர்த்தவர். யாரிடமும் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

மகன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவன். மருமகளுக்குச் சலவைக்கடையில் கறை எடுக்கிற வேலை. எந்தக் கறைக்குச் சுடுதண்ணீர், எந்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து அவள் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. ஒருநாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“மாமா, போதும். இனிமே வேலைக்குப் போக வேண்டாம். வீட்டில இருங்க. நாங்க பாத்துக்கறோம்.”

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

“பாத்துக்கறீங்களா? யாரு யாரைப் பாத்துக்கறது?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அன்றோடு சரி. அவள் சமைத்ததை அவர் தொடவில்லை. கடையிலிருந்து ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார். மருமகளோடு பேச்சும் நின்றுபோனது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தி வழியாகத்தான். வாலு என்று வீட்டில் கூப்பிடுகிற அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது.

“உங்கம்மாகிட்ட சொல்லு, குழாயில தண்ணி சொட்டுதுன்னு.”

உங்கம்மா பக்கத்திலேயே நிற்பாள். வாலு அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்புவாள். இப்படியே சில மாதம் போனது. கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது. “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? எனக்குத்தான் தொண்டை வலிக்குது” என்றாள்.

சபையின் குடும்ப முகாம் வந்தது. மலைமேல் ஒரு பழைய விடுதியில் தங்கி, ஜெபித்து, பாடி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது. கைக்குழந்தையிலிருந்து கிழம் வரை எல்லோரும் வரலாம். தாத்தா வந்தால்தான் நானும் சாப்பிடுவேன் என்று வாலு படுத்துவிட்டாள். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அடுப்புக்காரர் சொன்னார்: “சரி, எழுந்திரு. வரேன். ஆனா பாட்டெல்லாம் பாடச் சொல்லக்கூடாது.”

விடுதி மேகத்துக்குள் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கூடம், அதைச் சுற்றி இரும்புக் கட்டில்கள் போட்ட அறைகள், பின்னால் புகை படிந்த சமையலறை. வெளியே எங்கு பார்த்தாலும் ஈரம். துவைத்த துணி காயாமல் கொடியில் கனத்துத் தொங்கியது. முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இன்னும் பல் முளைக்காத குழந்தை ஒன்று. அந்தக் கூடத்துக்குக் கல் சுமந்த காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும், இப்போது பார்வை போய்விட்ட பெரியவர் ஒருவர். இடையில் எல்லா வயதும். உருளைக்கிழங்கு உரிப்பதில் வங்கி அதிகாரியும் தையல்காரியும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குளியலறை வரிசையில் போதகரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நின்றார்.

அடுப்புக்காரருக்குக் கிடைத்த அறையில் அவரோடு மகன், பார்வையில்லாத பெரியவர், இன்னொரு ஆள். அந்த இன்னொரு ஆள் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். மூட்டைக்காரர் விட்ட குறட்டையில் கட்டில் அதிர்ந்தது. காலையில் அடுப்புக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

“ராத்திரி முழுக்க லாரி மேடு ஏறுற மாதிரி இருந்துச்சுய்யா.”

“ஏறி முடிச்சிட்டேன்ல? அப்ப சரி” என்றார் மூட்டைக்காரர். பிறகு கீழே பார்த்து, “அண்ணே, படுக்கும்போதும் ஷூவைக் கழட்ட மாட்டீங்களா?” என்று கேட்டார்.

“குளிருதுய்யா.”

குளிர் உண்மைதான். ஆனால் அன்று காலையிலிருந்து அவருக்கு உள்ளுக்குள்ளேயே நடுக்கமாக இருந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். காலைக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாடியபோது, தகரக் கூரையில் மழையும் சேர்ந்துகொண்டது. முந்நூறு தொண்டையும் மழையும் கலந்து எழுந்த சத்தம், நெஞ்செலும்பில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. பாட மாட்டேன் என்று வந்தவர் பாடவில்லை. ஆனால் வாலு நிமிர்ந்து பார்த்தபோது தாத்தாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மழை வலுத்தது. வெளியே எங்கோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பேசின், ஒரு கூஜா வெதுவெதுப்பான தண்ணீர், துண்டுகள். போதகர் அதிகம் பேசவில்லை.

“நம்ம ஆண்டவர் மண்டி போட்டு அடுத்தவங்க காலைக் கழுவினாரு. நாமளும் அதைத்தான் செய்யப்போறோம். பெரியவங்க சின்னவங்க கணக்கெல்லாம் வேண்டாம். பக்கத்தில இருக்கறவங்க காலைக் கழுவுங்க. கழுவ வந்தா, வேண்டாம்னு சொல்லாதீங்க. அதுதான் கஷ்டம்.”

முதலில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கூச்சம். கூச்சம் தாங்காமல் குழந்தைகள் நெளிந்தார்கள். பிறகு கூடம் மெல்ல அடங்கியது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் அங்கங்கே. ஒரு கணவன் மனைவியின் காலைத் துடைத்துக்கொண்டே அழுதான். வாலு மூட்டைக்காரரின் பெரிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இது ஒண்ணுக்கே தண்ணி தீந்துடும் போலிருக்கே” என்றாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அடுப்புக்காரர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். “எனக்குச் சளி. தண்ணி ஆகாது. நான் கூஜாவுக்குத் தண்ணி கொண்டாறேன்” என்று எழப் பார்த்தார். எழ முடியவில்லை. தலை சுற்றியது. திரும்ப உட்கார்ந்தபோது அவருக்கு எதிரில் மருமகள் மண்டியிட்டிருந்தாள்.

ஷூவின் நாடாவில் கைவைத்தாள்.

“வேண்டாம்மா.”

அவள் கை நின்றது. இத்தனை மாதத்தில் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனும் தலையைத் தூக்கினான்.

“என்கிட்டயா மாமா பேசினீங்க?”

அவர் கூரையைப் பார்த்தார். “வேண்டாம்னேன். நாறும்.”

“நான் சலவைக்கடையில வேலை செய்றேன் மாமா. ஊர்ல இருக்கற நாத்தமெல்லாம் என் மூக்கு வழியாத்தான் போகுது.”

“சொன்னா கேளு.”

“கேக்க மாட்டேன். பேசாம இருந்தப்போ நான் ஏதாவது கேட்டேனா? இப்ப மட்டும் கேக்கணுமா?” அவள் முடிச்சில் விரலைக் கொடுத்தாள். “வேண்டாம்னு சொல்லக்கூடாதுன்னு போதகர் சொன்னாருல்ல?”

நாடாவை அவிழ்த்தாள். ஷூ வரவில்லை. பாதம் வீங்கி உள்ளே இறுகியிருந்தது. மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தாள். நாற்றத்தை மறைக்க உள்ளே தூவியிருந்த முகப்பவுடரின் வாசனையும், அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. காலுறை கறுத்து, பாதத்தின் அடியோடு ஒட்டிப்போயிருந்தது. யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். அவள் இழுக்கவில்லை. கூஜாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஊறவிட்டு, நூல் நூலாக விடுவிக்கிற மாதிரி எடுத்தாள். தண்ணீர் நிறம் மாறியது.

பாதத்தின் அடியில், விரல்களுக்குக் கீழே, ஒரு குழி. அதைச் சுற்றி வெளுத்த தோல். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கணுக்காலிலிருந்து மேலே ஒரு சிவப்பு, பேண்ட்டுக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. அந்தக் காலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். இந்தக் காலோடுதான் இந்த மனிதர் தினமும் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறார், மாடி ஏறி இறங்கியிருக்கிறார், வாலுவைத் தோளில் தூக்கியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

“எப்பலேர்ந்து மாமா?”

“தெரியலம்மா. வலிக்கல. வலிச்சாத்தானே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வேலைக்குப் போக விடமாட்டீங்க.” அவர் இப்போது அவளைப் பார்த்தார். “அடுப்பும் இல்லன்னா நான் எதுக்கு இருக்கேன்?”

“எங்களுக்கு ரொட்டியா மாமா வேணும்?” என்றாள். குனிந்து, புண்ணில் படாமல் தண்ணீர் ஊற்றி, பாதத்தைச் சுற்றிக் கழுவி, துண்டால் ஒற்றினாள். மற்றவர்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே முழுதாகச் செய்து முடித்தாள். பிறகுதான் கணவனைப் பார்த்து, “நர்ஸம்மாவைக் கூப்பிடு” என்றாள்.

நர்ஸம்மா இரண்டு வட்டம் தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்து குனிந்தாள். நெற்றியைத் தொட்டாள். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுச் சிவப்பு எது வரை என்று பார்த்தாள்.

“சர்க்கரை இருக்கா ஐயா?”

“இருக்குன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. மாத்திரை குடுத்தாரு. இனிப்பை விடச் சொன்னாரு. ரெண்டையும் விட்டுட்டேன்.”

நர்ஸம்மா ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவினாள். உள்ளே அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணி நின்றிருந்தது. விரலில் குத்தியதும் கையை உதறினாள். அந்த ஆணியின் மேல்தான் அவர் இத்தனை காலம் நின்று நடந்திருக்கிறார்.

“வலிக்காததுதான் ஆபத்து” என்றாள். மகன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “விஷம் மேல ஏறுது. காய்ச்சல் வேற. நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி.”

தொலைபேசியில் பேசினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆனால் கீழ்ச்சாலை வரைதான் வரும். மேலே விடுதிக்கு வரும் பாதையின் வளைவில் மண் சரிந்து, அதன்மேல் மரமும் விழுந்து கிடந்தது. கீழ்ச்சாலைக்கு நேராக இறங்க ஒரு புல்சரிவு இருந்தது. ஒரு தெரு நீளம் இருக்கும். மழையில் அது சோப்புப் போட்ட மாதிரி வழுக்கியது.

மகன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டான். நாலு அடி வைப்பதற்குள் கால் வழுக்கி, இருவரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு பேர் வந்து தாங்கினார்கள். அவர்களும் வழுக்கினார்கள். மகன் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரிவையே பார்த்தான். நன்றாக வளர்ந்த ஆள், சின்னப் பையனைப் போலத் தேம்பினான். “எப்படிய்யா கொண்டுபோறது?”

மூட்டைக்காரர் தாழ்வாரத்திலிருந்து சரிவை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாம ஏன் நடக்கணும்? நாம நிப்போம். கட்டில் நடக்கட்டும்.”

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். படகிலிருந்து லாரிக்குப் பெட்டி இறக்கும்போது அப்படித்தானாம். ஆட்கள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். யாரும் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. பெட்டி மட்டும் கைமாறிக் கைமாறிப் போகும். நிற்கிறவன் வழுக்க மாட்டான்.

“நான் என்ன மூட்டையாய்யா?” என்றார் அடுப்புக்காரர். பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

“மூட்டைன்னா ஒரே வீச்சுல கீழ போட்டிருப்பேன் அண்ணே. நீங்க முட்டைப் பெட்டி.”

கூடமே வெளியே வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வங்கி அதிகாரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் குதிகாலை அழுத்தி நின்றார். தையல்காரி எதிரே நின்றாள். சமையலறையிலிருந்து பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். இளவட்டங்கள் செங்குத்தான இடங்களுக்குப் போனார்கள். சிறு பிள்ளைகளைக் குடையும் தார்ப்பாயும் கொடுத்து இடையிடையே நிறுத்தினார்கள். பார்வையில்லாத பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, “என்னையும் எங்கயாவது நிறுத்துங்க” என்றார். வேண்டாம் என்று ஒருவன் சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. வரிசை தொடங்குகிற சமதரையில் இரண்டு பையன்களுக்கு நடுவே அவரை நிறுத்தினார்கள். புல்லுக்கு மேல் இரண்டு வரிசை, மேகத்துக்குள் தொடங்கிக் கீழே சாலை வரை போனது.

அறையிலிருந்து இரும்புக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். மெத்தையோடு அவரைக் கிடத்தி, போர்வையைச் சுற்றி, இரண்டு துண்டுகளால் கட்டினார்கள். மூட்டைக்காரர் தலைப்பக்கம் நின்றார்.

“நான் சொல்றதைச் சொல்லுங்க. வாங்கறவங்க ‘பிடிச்சாச்சு’ன்னு சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் விடணும். பிடிச்சாச்சுன்னு காதுல விழாம யாரும் கையை எடுக்கக்கூடாது.”

கட்டில் எழும்பியது.

“பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு.”

“விட்டேன்.”

அடுப்புக்காரர் மல்லாந்து கிடந்தார். அவர் மேல் சாம்பல் நிற வானம். மழை முகத்தில் விழுந்தது. இரண்டு பக்கமும் முகங்கள் தலைகீழாக வந்து, மேலே போய், மறைந்தன. காலையில் குளியலறை வரிசையில் அவரோடு சண்டை போட்ட ஒருவன், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, “பிடிச்சாச்சு” என்றான். கழுத்து நரம்பு புடைக்க ஒரு பெண், “பிடிச்சாச்சு.” பார்வையில்லாத பெரியவருக்குக் கனம் தாங்கவில்லை; பக்கத்துப் பையன்கள் தாங்கினார்கள். அவர் உள்ளங்கை மட்டும் கட்டில் சட்டத்தில் பதிந்து, அதோடு கொஞ்ச தூரம் நீண்டு, விட்டது. “பிடிச்சாச்சு” என்று அவரும் சொன்னார். ஒரு சொல், ஒரே சொல், வேறு வேறு தொண்டைகளில், மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. காலையில் பாடியபோது வந்த சத்தத்தை விட இது தாழ்ந்திருந்தது. ஆனால் அப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது, இப்போது உள்ளே நுழைந்துவிட்டது.

யார் இவர்கள்? பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. ஒரு குவளைத் தண்ணீர்கூட அவர் கேட்டதில்லை. கேட்காமலே, மழையில் நின்று, முகம் தெரியாத ஒரு கிழவனை, கண்ணாடிச் சாமான் போலக் கைமாற்றுகிறார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் சறுக்கியது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. முன்னும் பின்னும் இருந்த கைகள் சட்டென்று சேர்ந்து இறுக்கின. யாரும் கூச்சல் போடவில்லை. சறுக்கியவன் முழங்காலில் இருந்தபடியே, தலைக்கு மேல் கட்டிலைத் தாங்கிக்கொண்டு, “பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு” என்றான். வாலு குடையை நனைந்தபடி நீட்டிக்கொண்டு, “தாத்தா, பயப்படாதீங்க, நானும் பிடிச்சாச்சு” என்று கத்தினாள். குடையைத்தான் பிடித்திருந்தாள்.

அடுப்புக்காரர் வாய் திறந்தார். மழைத் தண்ணீர் வாயில் விழுந்தது, விழுங்கினார். கண்ணிலிருந்து வழிந்தது மழைதானா என்று யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

வரிசையின் கடைசியில், சாலையோரம் சாக்கடை மாதிரி ஓடிய மழைத்தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, மகனும் மருமகளும் எதிரெதிராக நின்றார்கள். கட்டில் அவர்கள் கைக்கு வந்தது.

“பிடிச்சாச்சாடா?” என்று அடுப்புக்காரரே கேட்டார்.

“பிடிச்சாச்சுப்பா” என்றான் மகன்.

அவர் மருமகள் பக்கம் தலையைத் திருப்பினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

“சொல்லும்மா. காதுல விழணுமாம்.”

“பிடிச்சாச்சு மாமா.”

பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தங்கியது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார் டாக்டர், அதற்கு மேலேயும் போயிருக்கலாம். வெகு நாள் படுக்கையில் இருந்தார். மருமகள் கொண்டுவந்த கஞ்சியை முதல் நாளே குடித்தார். உப்பு போதாது என்றும் சொன்னார், அவளிடமே சொன்னார். அடுப்புக்குத் திரும்பப் போகவில்லை. ஆனால் மாலை வேளைகளில் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்புக்கு வந்த புது ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். அதெல்லாம் பிறகு.

அன்று சாலையில், ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி உள்ளே ஏற்றினார்கள். ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். மகன் மனைவியைப் பார்த்தான். அவள் சேலையைப் பிழிந்துவிட்டு ஏறிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. வண்டி மெல்ல நகர்ந்தது. அவள் பின்கண்ணாடியில் படிந்திருந்த நீராவியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள், பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

“என்னம்மா பாக்கறே?”

அவள் குனிந்து, அவர் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து, தலையைத் தூக்கிக் காட்டினாள்.

சரிவில் இரண்டு வரிசையும் கலையாமல் அப்படியே நின்றன. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாலையோரத்து மகனிலிருந்து, மேலே மேகத்துக்குள் ஆள் தெரியாமல் போகிற இடம் வரை, ஒருவர்கூடக் கையை இறக்கியிருக்கவில்லை. காலியான அத்தனை கைகளும், இன்னும் எதையோ தாங்குவது போல, இடுப்பு உயரத்தில் நீண்டே இருந்தன.

வளைவு வந்து மறைக்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனார்கள்.